கல்வெட்டு ஒளிப்படமும் தளவிளைவு வடிகட்டியும்

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்கள் கல்வெட்டு மாணவர்க்கு நல்ல பயிற்சிக் களங்களாகும். பல்லாவரத்துக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்கள் பொறிக்கப்பெற்றுள்ளன. திரிசூலம் சிவன் கோயிற் சுவர்களிற் சோழர் காலச் சாசனங்கள் உள்ளன. மைப்படி எடுக்க இயலாதவிடத்து ஒளிப்படமே ஆய்வுக்கு ஆதாரமாகின்றது. ஆதலின், படத்தில் நேரும் பிழை பாடத்திலும் பிழையாய் முடியும். தேய்ந்த கல்லிற் பகரமும் யகரமும் ஒரு சிறு வளைவாலேயே வேறுபடும். அவ்வளைவை ஒளி மறைத்துவிடின் ஊர்ப்பெயரே மாறிவிடுதல் கூடும்.

இம்மறைப்பு இருவகைப்படும். எண்ணெய் படிந்தும் கைபட்டும் வழுவழுப்பான கல்லின்மேல் ஒளி பட்டுத் தெறித்தலால் தோன்றும் மினுக்கம் ஒன்று. ஞாயிற்றின் கதிர் நேரே காமிராவின் வில்லையிற் பட்டு, அதன் கண்ணாடிப் பரப்புகளுக்கிடையே பலகாலும் தெறித்து, படத்தில் வெண்மூட்டமாகவோ தனிப் பொட்டுகளாகவோ படிதல் மற்றொன்று. இதனை லென்ஸ் பிளேர் என்பர். முன்னது கல்லின்கண் நிகழ்வது; பின்னது கருவியின்கண் நிகழ்வது.

போலரைசர் என வழங்கும் தளவிளைவு வடிகட்டி முன்னதற்கே மருந்தாகும். தெறித்த ஒளி தளவிளைவு உறுதலை மாலூசு என்னும் பிரெஞ்சு அறிஞர் 1808இற் கண்டறிந்தார். அவ்வொளியைத் தடுக்குமாறு வடிகட்டியைச் சுழற்றின் மினுக்கம் குறையும். ஆனால், பிளேரை அது நீக்குவதில்லை, மிகுவித்தலும் உண்டு. பூச்சில்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பும். வடிகட்டியோ இரு பரப்புகளைப் புதிதாகச் சேர்க்கின்றது. அதனைச் சுழற்றும் பொருட்டு வில்லையின் நிழல்மறைப்பைக் கழற்றிவிடுவாரும் உளர். அதனால் குறை இரட்டிக்கின்றது.

இரண்டனுள் எது நேர்ந்தது என அறிதல் எளிது. வடிகட்டியைச் சுழற்ற வெண்மை மாறுமாயின் அது பெரும்பாலும் கல்லின் மினுக்கம். வில்லைக்குக் கையால் நிழல் செய்ய மூட்டம் அகலுமாயின் அது பிளேர்.

இனி, தீர்க்கும் வழி காண்பாம். எழுத்தின் பள்ளம் தெளிவுற, சாய்வெயிலிற் படமெடுத்தல் மரபு. அவ்வமயம் சுவருக்கு நேர்முகமாக நிற்பின் கதிர் வில்லையிற் படாது. சுவருக்கு ஒளி தரும் ஞாயிறு நமக்குப் பக்கத்திலோ பின்னோ தான் இருக்கும். குறுகிய திருச்சுற்றிற் பின்வாங்க இடமின்றி, ஞாயிறு இருக்கும் திசை நோக்கிச் சரிந்து எடுக்கும்போதே மினுக்கமும் பிளேரும் ஒருங்கே வரும். அங்ஙனமாயின் மறுபக்கம் சென்று, ஞாயிற்றைப் பின்னிட்டு எடுத்தலே முதல் வழி. அது கூடாதாயின், உடன் வந்தவர் ஒரு குடையால் வில்லைக்கு மட்டும் நிழல் செய்தல் வேண்டும். குடையின் நிழல் எழுத்தின்மேல் விழலாகாது. பன்மடிப் பூச்சுடைய வடிகட்டியையே கொள்க. ஒன்றன்மேல் ஒன்றாக வடிகட்டிகளை அடுக்கற்க. விரற்சுவடும் தூசியும் ஒளியைச் சிதறச் செய்யுமாதலின் துடைத்த பின்னரே எடுக்க.

மற்றொன்றும் கருதற்பாலது. சில எழுத்துகளின் விளிம்பைக் காட்டுவது அம்மினுக்கமே. வடிகட்டி அதனையும் அழித்துவிடலாம். ஆதலின் வடிகட்டியோடு ஒன்றும், வடிகட்டியின்றி ஒன்றுமாக இரு படங்கள் எடுத்து, நாளும் பொழுதும் நின்ற பக்கமும் குறித்து வைத்தல் வேண்டும். இரண்டிலும் காணப்படும் கோட்டையே எழுத்தெனத் துணிதல் தக்கது. ஒன்றில் மட்டும் காண்பதை ஐயத்திற்குரியதாகக் குறித்து, மீண்டும் கல்லை நேரிற் சென்று காண்பதே ஆய்வாளர் கடனாம்.