வெள்ளைப் புலியும் பெயரை ஒளித்த சாரதியும்

அரவிந்த் அடிகாவின் 'த வைட் டைகர்' 2008 இல் வெளிவந்தது. அதே ஆண்டிலேயே புக்கர் பரிசும் கிடைத்தது. முதல் நாவலுக்கே அந்தப் பரிசை வாங்கியபோது அவருக்கு 33 வயது. 1974 இல் சென்னையில் பிறந்து, மங்களூரில் வளர்ந்து, அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, கொலம்பியாவிலும் ஒக்ஸ்போர்டிலும் படித்து, 'டைம்' சஞ்சிகையின் இந்திய நிருபராக இருந்தவர் அவர். 2021 இல் ரமீன் பஹ்ரானி இதைப் படமாக்க, நெட்பிளிக்ஸில் வந்தது. இந்த நாவலைப் பற்றிப் பேச்செடுத்தால் கோழிக்கூட்டு உவமையும் முதலாளியைக் கொன்ற சாரதியின் கதையும்தான் முதலில் வாயில் வரும். அவை முக்கியம்தான். ஆனால் நான் கூடுதலாகப் பேச நினைப்பது, முதற் பாதியில் வந்து சில பக்கங்களோடு காணாமல் போய்விடுகிற ஒரு நோன்பாளியைப் பற்றி. அதற்கு முன் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பெங்களூருக்கு வரவிருக்கும் சீனப் பிரதமர் வென் ஜியாபாவோவுக்கு பல்ராம் ஹல்வாய் என்ற தொழில்முனைவோன் ஏழு இரவுகளாக எழுதும் கடிதங்கள்தான் நாவல். இந்தியாவில் தொழில்முனைவோர் எப்படி உருவாகிறார்கள் என்பதைப் பிரதமருக்கு விளக்கப் போகிறானாம். விளக்கத்தின் தொடக்கத்திலேயே, தான் பொலிசாரால் தேடப்படும் கொலைகாரன் என்பதையும் சொல்லிவிடுகிறான். ஒளிப்பு மறைப்பு இல்லாத ஆள்.

பிறந்தது லக்ஷ்மண்கர் என்ற கிராமம். இந்தியா ஒன்றல்ல, இரண்டு என்பது அவனுடைய கணக்கு: ஒன்று ஒளி, மற்றது இருட்டு. கடலோரம் ஒளி, கங்கையோரம் இருட்டு. தகப்பன் சைக்கிள் றிக்‌ஷா இழுத்தவர். பெற்றோர் பெயர்கூட வைக்கவில்லை, வீட்டில் 'முன்னா', அதாவது பொடியன், அவ்வளவுதான். பல்ராம் என்ற பெயர் பள்ளிக்கூட வாத்தியார் வைத்தது. அந்த வாத்தியாரோ பிள்ளைகளின் மத்தியானச் சாப்பாட்டுக் காசை எடுத்துக்கொள்கிறவர். அவரையும் பல்ராம் பெரிதாகக் கோபிப்பதில்லை, அவருக்குச் சம்பளம் வந்து கனநாளாம். ஒருநாள் பரிசோதனைக்கு வந்த அதிகாரி, அந்த வகுப்பிலேயே வாசிக்கத் தெரிந்த ஒரே பொடியனைப் பார்த்து, ஒரு தலைமுறைக்கு ஒருமுறை மட்டும் பிறக்கிற மிருகம் நீ என்று சொல்லிவிட்டுப் போகிறார். அதுதான் வெள்ளைப் புலி. புலிக்குக் கிடைத்தது என்னவோ தேத்தண்ணிக் கடையில் கரி உடைக்கிற வேலை. மச்சாளின் கலியாணச் சீதனத்துக்குப் பட்ட கடனுக்காகப் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள்.

தகப்பன் சாகிற இடம் நாவலின் நல்ல இடங்களில் ஒன்று. காசநோய். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரி, அதில் டாக்டர் இல்லை. காத்துக் கிடக்கிறவர்களில் சில முஸ்லிம் ஆட்கள் நிலத்தில் பத்திரிகை விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவருடைய காலில் ஆறாத புண். அவர்கள்தான் இவர்களையும் அந்தப் பத்திரிகையில் உட்காரச் சொல்லி இடம் கொடுக்கிறார்கள். டாக்டர் ஏன் வரமாட்டார் என்பதையும் அவர்களே விளக்குகிறார்கள். வைத்திய அத்தியட்சகர் பதவியைக் காசு கொடுத்து வாங்குகிறார். போட்ட காசை எடுக்க வேண்டும், ஆகவே டாக்டர்மார் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரியில் வேலை செய்யலாம். இடாப்பில் மட்டும் அவர்கள் கிராமத்துக்கு வந்து போனதாக இருக்கும். அன்றே தகப்பன் இறந்துபோகிறார். லஞ்சம் என்ற சொல்லை மேடைகளில் ஆயிரம் தடவை கேட்டிருப்போம். அது ஒரு றிக்‌ஷாக்காரனின் நெஞ்சுக்கூட்டுக்குள் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதை இந்த இரண்டு மூன்று பக்கங்கள் காட்டிவிடுகின்றன.

பிறகு தன்பாத். 300 ரூபாய் கட்டிக் கார் ஓட்டப் பழகி, வீடு வீடாக வேலை கேட்டு, கடைசியில் தன் ஊர்ப் பண்ணையாரின் வீட்டிலேயே பல்ராம் இரண்டாம் சாரதியாகச் சேருகிறான். கிராமத்து ஆட்கள் 'நாரை' என்று பட்டப்பெயர் வைத்த மனிசன் அவர். அங்கே முதலாம் சாரதியாக இருப்பவன்தான் ராம் பெர்சாத். ஹொண்டா சிட்டி காரை ஓட்டுவது அவன். பல்ராமுக்கு மாருதியும் வீட்டு எடுபிடி வேலையும். ஒரே அறை, கட்டில் ராம் பெர்சாதுக்கு, நிலம் பல்ராமுக்கு. இருவரும் ஒருவரை ஒருவர் வெறுக்கிறார்கள். வேறு காரணம் தேவையில்லை, கட்டில் ஒன்றுதான் கிடக்கு.

பண்ணையாரின் இளைய மகன் அசோக், அமெரிக்காவிலிருந்து திரும்பியவர், டில்லிக்குப் போகப் போகிறார். கூடவே ஒரு சாரதியும் போகலாம். போவது முதலாம் சாரதியாகத்தான் இருக்கும். இந்த நேரத்தில் ராம் பெர்சாதின் நடத்தையில் ஒரு மாற்றத்தை பல்ராம் கவனிக்கிறான். பகலில் சாப்பாட்டுக்கு வருவதில்லை. மாலையில் எங்கேயோ போய்விடுகிறான். ஒருநாள் பின்னாலேயே போய்ப் பார்த்தால், முஸ்லிம்கள் வாழும் பகுதிக்குள் நுழைந்து பள்ளிவாசலுக்குப் போகிறான். அது ரமழான் மாதம். ராம் பெர்சாத் என்று ஒருவன் இல்லை, அவன் முஹம்மத். பண்ணையாருக்கு முஸ்லிம்களைக் கண்ணில் காட்டக் கூடாது. ஊரில் குடும்பம் பட்டினி கிடந்தபோது, பெயரையும் மார்க்கத்தையும் ஒளித்து இந்த வேலைக்கு வந்திருக்கிறான். நேபாளக் காவல்காரனுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

பல்ராம் சத்தம் போட்டு யாரையும் காட்டிக் கொடுக்கவில்லை. தனக்குத் தெரியும் என்று தெரிவித்தான், அது போதும். ராம் பெர்சாத் சாமான்களைக் கட்டத் தொடங்குகிறான். படுத்தபடியே பார்த்துக்கொண்டிருக்கும் பல்ராமுக்கு ஒரு கணம் மனம் குத்துகிறது. பாவம், என்னைவிட நல்ல சாரதி, எனக்கு ஒரு கெடுதலும் செய்யாதவன், எழும்பிப் போய் மன்னிப்புக் கேட்டால் என்ன என்று நினைக்கிறான். நினைத்துவிட்டு மறுபக்கம் திரும்பிப் படுக்கிறான். விடிந்து பார்த்தால் கட்டில் காலி. டில்லிக்குப் போகும் சாரதி இப்போது பல்ராம்.

என் கணக்கில் நாவலின் முதற்கொலை இதுதான், இரத்தம் மட்டும் இல்லை. பிறகு டில்லியில் உடைந்த விஸ்கிப் போத்தலால் முதலாளியைக் குத்துவதை வாசகர்கள் அடிமையின் கலகமாகப் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். பல்ராமும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறான். ஆனால் அந்த இடத்துக்கு அவன் வந்து சேர்ந்தது இன்னொரு ஏழையின் கட்டிலில் ஏறி. அதுவும் முதலாளியின் வெறுப்பையே ஆயுதமாகக் கடன் வாங்கி. பண்ணையார் முஸ்லிம்களை வெறுக்காதவராக இருந்திருந்தால் பல்ராமின் கையில் ஒன்றுமே இருந்திருக்காது. அந்த வெறுப்பு தனக்கும் இருக்கிறதா என்பதைப் பற்றி அவன் யோசிப்பதே இல்லை, அவனுக்கு அது தேவையும் இல்லை. மதவெறி வேலை செய்வதற்கு வேலையாட்கள் எல்லாரும் வெறியர்களாக இருக்க வேண்டியதில்லை என்பதை இவ்வளவு சாதாரணமாகச் சொன்ன பக்கங்கள் எனக்கு அதிகம் அகப்பட்டதில்லை.

இன்னொன்று, அடிகா தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ சொல்ல முடியாது. வணக்கங்களிலே வெளியே தெரியாதது நோன்பு. தொழுதால் நாலு பேர் காண்பார்கள், நோன்பு அடியானுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. பெயரை விட்டவன், பேச்சை மாற்றியவன், வருஷம் முழுக்க இன்னொருவனாக வாழ்ந்தவன், யாருக்கும் தெரியாது என்று நம்பி இந்த ஒன்றை மட்டும் விடாமல் பிடித்திருக்கிறான். அதுவே அவனைக் காட்டிக் கொடுக்கிறது. எங்கட வாசகர்களுக்கு இந்த இடம் வேறு யாரையும்விடக் கூடுதலாகச் சுடும்.

கதை மிகைப்படுத்தல் என்று நினைப்பவர்கள் அந்தக் காலத்து இரண்டு ஆவணங்களைப் பார்க்கலாம். நாவல் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2006 இல், இந்திய முஸ்லிம்களின் நிலை பற்றிய சச்சார் குழு அறிக்கை வந்தது. 2001 கணக்கெடுப்பின்படி சனத்தொகையில் 13.4 சதவீதமாக இருந்தவர்கள் ஐ.ஏ.எஸ். சேவையில் 3 சதவீதம், வெளிநாட்டுச் சேவையில் 1.8 சதவீதம், ஐ.பி.எஸ்.ஸில் 4 சதவீதம். அது அரசாங்கம். தனியார் துறையைப் பற்றி சுக்தியோ தோரட்டும் போல் அட்வெல்லும் செய்த ஆய்வு 2007 இல் வெளியானது. பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒத்த தகைமையுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி இந்துப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் அனுப்பிப் பார்த்தார்கள். உயர்சாதிப் பெயருக்கு அடுத்த கட்ட அழைப்பு வரும் வாய்ப்பு விகிதத்தை 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. இது பட்டம் படித்தவர்களின் கதை. விண்ணப்பத் தாளே இல்லாமல் வாசலில் வந்து நின்று பெயரையும் சாதியையும் சொல்லி வேலை கேட்கிற சாரதிக்கு எவ்வளவு என்று நாமே யோசித்துக்கொள்ளலாம்.

இப்போது கோழிக்கூட்டுக்கு வரலாம். பழைய டில்லியில் ஜாமிஆ மஸ்ஜிதுக்குப் பின்னால் உள்ள சந்தையைப் போய்ப் பாருங்கள் என்கிறான் பல்ராம். கம்பிக் கூட்டுக்குள் நெருக்கி அடைத்த கோழிகள், மேலே பலகையில் மற்றக் கோழியின் கழுத்தை அறுக்கிறார்கள், இரத்த வாடை அடிக்கிறது, அடுத்தது தாங்கள்தான் என்று தெரியும். ஆனாலும் கூட்டை உடைக்கிற எண்ணம் ஒன்றுக்கும் வருவதில்லை. பெட்டி நிறையக் காசோடு தனியாகக் கார் ஓட்டிப் போகிற சாரதி, அதில் ஒரு ரூபாயைத் தொடாமல் கொண்டுபோய்க் கொடுப்பது நேர்மையினால் அல்ல, கூட்டினால் என்பது அவன் வாதம். கூட்டை எது பூட்டி வைத்திருக்கிறது? பொலிஸ் அல்ல, குடும்பம். எருமை என்ற இன்னொரு பண்ணையாரின் பிள்ளை கடத்தப்பட்டபோது, வேலைக்காரன்மேல் சந்தேகப்பட்டு அவனுடைய குடும்பத்தையே அழித்திருக்கிறார்கள். பல்ராம் இதைத் தெரிந்துகொண்டே அசோக்கின் சிவப்புப் பையிலிருந்த ஏழு லட்சம் ரூபாயை எடுக்கிறான். கூட்டை உடைப்பதற்கான விலையை அவன் கட்டவில்லை, லக்ஷ்மண்கரில் இருந்தவர்கள் கட்டியிருப்பார்கள்.

இந்த உவமை பிரபலமானதில் ஆச்சரியமில்லை. ஆனாலும் ராம் பெர்சாதை வைத்துப் பார்த்தால் அதில் ஒரு குறை தெரிகிறது. பல்ராமின் கோழிகள் சும்மா நெருங்கி நிற்கின்றன. ஒன்றை ஒன்று கொத்துவதைச் சொன்னாலும், அதைக் கூட்டின் இட நெருக்கடியாகவே சொல்கிறான். தான் கொத்திய கொத்து அந்த விளக்கத்துக்குள் வருவதே இல்லை. எஜமான், வேலைக்காரன், குடும்பம் என்று எல்லாருக்கும் அவனுடைய கோட்பாட்டில் இடமிருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரனுக்கு மட்டும் இல்லை.

விமர்சகர்கள் வேறு குறைகள் சொன்னார்கள். பீகாரைச் சேர்ந்த எழுத்தாளர் அமிதவ குமார், தனக்குத் தெரிந்த பீகார் இதில் இல்லை என்ற கோணத்தில் எழுதினார். வரலாற்றாசிரியர் சஞ்சய் சுப்ரமணியம், இங்கிலிஷ் தெரியாத பல்ராமின் குரல் யாருடைய குரல் என்று கேட்டார். நியாயமான கேள்விகள். பல இடங்களில் பல்ராமின் வாயால் ஒக்ஸ்போர்டில் படித்தவர் பேசுவது கேட்கத்தான் செய்கிறது. ஏழைகள் எல்லாரும் தந்திரக்காரர் அல்லது மந்தை என்ற தோற்றமும் வந்துவிடுகிறது. நான் சேர்க்கக்கூடியது ஒன்றுதான்: முஸ்லிம்கள் இதில் நல்லவர்களாகவே வருகிறார்கள், ஆனால் இடம் கொடுத்துவிட்டு ஒதுங்குகிறவர்களாக. ஆஸ்பத்திரியில் பத்திரிகையில் இடம் கொடுக்கிறார்கள், பழைய டில்லியில் ஒரு முஸ்லிம் புத்தகக் கடைக்காரர் பல்ராமுக்குக் கவிஞர்களைச் சொல்லிக் கொடுக்கிறார். உலகின் மிகப் பெரிய நான்கு கவிஞர்கள் ரூமி, இக்பால், மிர்ஸா காலிப், நாலாமவர் பெயர் மறந்துபோச்சு என்கிறான் அவன். ராம் பெர்சாத் ஒரு வசனம்கூட எதிர்த்துப் பேசாமல் பஸ் ஏறுகிறான். அவனை ஒரு தடவையாவது பேச விட்டிருக்கலாம்.

பெங்களூரில் பல்ராம் கால் சென்டர் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வாகனக் கம்பனி நடத்துகிறான். தொழில் தொடங்கியதும் பொலிசுக்குக் கொடுத்த லஞ்சத்தில்தான். பெயரையும் மாற்றிவிட்டான், இப்போது அவன் அசோக் சர்மா, கொலையுண்டவரின் பெயரோடு ஒரு பிராமணப் பெயரும். ராம் பெர்சாத் பெயர் மாற்றியது பிழைக்க, இவன் மாற்றியது பெரியவனாக. அவனிடம் வேலை செய்யும் சாரதிகளில் ஒருவன் முஹம்மத் ஆசிப், சொந்தப் பெயரிலேயே வேலை செய்கிறான். ஒரு நாள் ஆசிப் ஓட்டிய வாகனம் சைக்கிளில் வந்த ஒரு பையனை அடித்துக் கொன்றுவிடுகிறது. டில்லியில் அசோக்கின் மனைவி பிங்கி மேடம் ஓட்டிய கார் ஒரு பிள்ளையை அடித்தபோது, பழியை ஏற்றுக்கொள்ளும் கடதாசியில் பல்ராமிடம் கையெழுத்து வாங்கியவர்கள் அந்தக் குடும்பத்தார். இவன் அப்படிச் செய்யவில்லை. பொலிசைச் சரிக்கட்டி ஆசிப்பைக் காப்பாற்றுகிறான், இறந்த பையனின் வீட்டுக்குப் போய்க் காசு கொடுக்கிறான், அண்ணனுக்கு வேலை தருகிறேன் என்கிறான். முதலாளியான பிறகு அவனுக்கு ஒரு முஹம்மதைக் காப்பாற்ற முடிகிறது, வழக்கு மட்டும் நடக்காது. தன்பாத்தில் பஸ் ஏறிய மற்ற முஹம்மத் எங்கே போய்ச் சேர்ந்தான் என்று ஏழாவது இரவிலும் அவன் எழுதவில்லை.