‘சரி’ என்றெழுதினால் சோதனையாகுமா?

செண்பகத்தோப்பில் தோட்டம் வைத்திருக்கும் அங்கத்தினர் ஒருவர் தம் வீட்டு மின்சாரப் பரிசோதனைச் சான்றை நம்மிடம் காட்டினார். எல்லா இனங்களுக்கும் நேரே ‘சரி’ என்றிருந்தது. இலக்கம் ஒன்றுகூட இல்லை. பேரேட்டை இவ்வண்ணம் எழுதும் சங்கத்தை நாம் தணிக்கையில் விட்டுவைப்போமா?

கம்பிகளின் காப்புத்தடையை ‘மெகர்’ கருவியால் 500 வோல்ட்டில் ஒரு நிமிடம் அளக்க வேண்டும். அது ஒரு மெகா ஓமுக்குக் குறையலாகாது. மத்திய மின்சார ஆணையத்தின் 2010ஆம் ஆண்டு விதிகளிலேயே இது இருந்தது.

அதனினும் முக்கியமானது ‘எர்த்’. மலையடிவாரத்துச் சரளை மண் கோடையில் காய்ந்துவிடும். அப்போது எர்த்தின் தடை 20 ஓம் என்று கொள்வோம். மோட்டாரின் உடலில் 230 வோல்ட் கசிந்தாலும் நிலத்திற்குப் பாய்வது மிஞ்சினால் 11.5 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ் உருகாது. மோட்டாரைத் தொடுபவரே தாக்குண்பார். பச்சைக் கம்பி மண்ணுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டு இதனை எவ்வாறு அறிவது?

ஈரமான தறிக்குழியில் கால் வைத்து நெய்பவர்க்கு அபாயம் இன்னும் மிகுதி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. சாதனம் தோட்டக்காரர்க்கும் நெசவாளர்க்கும் அவசியம். அதன் சோதனைப் பொத்தானை அமுக்கிக் காட்டச் சொல்லுங்கள். அளவுகளைச் சான்றில் எழுதிக் கையொப்பமிட்ட பின்னரே சோதகருக்குக் கூலி கொடுங்கள்.