கம்பி லாரிக்கு சிவப்புத் துணி போதுமா? இரும்பு லோடு கட்டுவதில் இருக்கும் கணக்கு என்ன?

ராத்திரி பைபாஸில் போய்க்கிட்டு இருக்கீங்க. முன்னாடி போற லாரியின் பின்பக்கம் கம்பி நீட்டிக்கிட்டு இருக்கு. நுனியில் ஒரு சிவப்புத் துணி. 'துணி கட்டியாச்சு, இனி யாரும் கேட்க முடியாது' என்று லோடு ஏற்றுபவர்கள் பலர் இன்றும் நம்புகிறார்கள். ஆனால் அந்தத் துணியால் சட்டத்திடம் தப்பிக்க முடியாது.

ஒரு காலத்தில் குறிப்பிட்ட அளவு வரை லோடு பின்னால் நீட்டிக்கொண்டிருக்க அனுமதி இருந்தது. 2014-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். பிறகு 2019 திருத்தச் சட்டத்தில் 194 (1ஏ) என்ற பிரிவு சேர்ந்தது. லோடு பக்கவாட்டிலோ, முன்னாலோ, பின்னாலோ, உயரத்திலோ அனுமதித்த அளவைத் தாண்டினால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கும் கூலி தனி. சரியாக அடுக்கிய பிறகுதான் வண்டி நகரவே முடியும். ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் சொன்னவரும் மாட்டுவார். பிரிக்கவே முடியாத பெரிய பொருள் என்றால் முன்கூட்டியே அதிகாரிகளிடம் விலக்கு வாங்க வேண்டும்.

கட்டுமானக் கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளம் வரும். சாதாரண லாரியின் பாடி அதைவிடக் குட்டை. அதனால்தான் கம்பியை நடுவில் மடக்கி ஏற்றுகிறார்கள். மடக்கக்கூடாது என்று இன்ஜினியர் சொன்னால் நீள டிரெய்லர்தான் வழி. வாடகை கூடும் என்பதால் இங்கேதான் பலர் துணியைத் தேடுகிறார்கள்.

நிஜமான வில்லன் காயில்

நம்ம ஊர் பிரேக் இன்ஸ்பெக்டர் கண்ணில் முதலில் படுவது நீட்டலும் எடையும்தான். ஆனால் உள்ளே எப்படிக் கட்டியிருக்கிறது என்பதுதான் உயிர் போகும் விஷயம். குறிப்பாக, பாய் மாதிரி சுருட்டி வரும் இரும்புத் தகடு, அதாவது காயில். ஒரே உருண்டை 20 டன் கூட இருக்கும்.

இதில் அமெரிக்க விதிகள் ரொம்பத் தெளிவு. திடீர் பிரேக் போட்டால் லோடு தன் எடையில் 0.8 மடங்கு விசையோடு முன்னால் பாயும் என்று வைத்துக்கொள்கிறார்கள். 20 டன் காயில் என்றால் 16 டன் விசை, அதுவும் டிரைவர் முதுகை நோக்கி. பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 0.5 மடங்கு.

அப்போ எத்தனை செயின் வேணும்? எல்லா செயினின் பாதுகாப்புத் தாங்குதிறனையும் கூட்டினால் லோடு எடையில் பாதியாவது வர வேண்டும். சுமார் 10 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கிரேடு 70 செயின் ஏறக்குறைய 3 டன் தாங்கும். 20 டன்னுக்கு 10 டன் தேவை என்பதால் குறைந்தது 4 செயின். இது ஒரு பக்கத்தில் மாட்டி, லோடு வழியாகப் போய் மறுபக்கத்தில் மாட்டும் செயினுக்கான கணக்கு. வண்டியில் ஒரு முனை, லோடிலேயே மறுமுனை என்று மாட்டினால் பாதித் திறன்தான் கணக்கில் வரும். அப்படியானால் 7 செயின்.

பாதி மட்டும் போதுமா என்று தோணும். அறுந்துபோகும் எடையில் நாலில் ஒரு பங்கைத்தான் செயினின் பாதுகாப்புத் திறன் என்று எழுதுகிறார்கள். அடியில் முட்டுக்கொடுக்கும் கட்டையும் தரையின் உராய்வும் கூடச் சேர்ந்து பிடிக்கும்.

அடுத்தது, காயிலின் நடு ஓட்டை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. ஓட்டை வானத்தைப் பார்த்தால் உருளாது, ஆனால் சறுக்கும். முன்னும் பின்னும் பார்த்தால் வளைவில் பக்கவாட்டில் உருளும். இடவலமாகப் பார்த்தால் நேராக கேபினை நோக்கி உருளும். அமெரிக்க டிரைவர்கள் இந்தக் கடைசி முறைக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரே 'சூசைடு'. அப்படி வைத்தால் முன்னால் போகாமல் ஒரு செயின், பின்னால் போகாமல் ஒரு செயின் என்று ஓட்டைக்குள் விட்டே கட்ட வேண்டும். மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி மாதிரி தெரியும்படி குறுக்கே கட்டுவது தடை.

அடியில் வைக்கும் மரக்கட்டையை வெறும் ஆணி அடித்து நிறுத்தினாலும் ஏற்கமாட்டார்கள். லோடு அழுத்தும்போது ஆணி பிடுங்கிக்கொண்டு வரும் என்பது நம்ம லோடுமேன்களுக்கே தெரியும்.

பைப் கட்டு வேற ரகம். வெளியே உள்ள பைப்பை செயின் இறுக்கும். நடுவில் மாட்டியது லூசாகவே இருக்கும். பிரேக் போட்டால் அது அம்பு மாதிரி கேபினுக்குள் பாயும். கேபினுக்குப் பின்னால் உயரமான தடுப்பு வேண்டும் என்பது இதற்காகத்தான். பெல்ட் போடுபவர்களுக்கு இன்னொரு தலைவலி, தகட்டின் கூர் விளிம்பு. நடுவில் மூலைக்காப்பு வைக்காவிட்டால் கத்தி மாதிரி அறுத்துவிடும்.

கட்டி முடித்தாலும் வேலை முடியாது. ஓடும்போது கட்டை அமுங்கும், கம்பி படியும், செயின் தளரும். அமெரிக்காவில் கிளம்பி 80 கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திப் பார்க்க வேண்டும். பிறகு 3 மணி நேரம் அல்லது 240 கிலோமீட்டர், எது முதலில் வருதோ அப்போது மறுபடியும். நம்ம டிரைவர்களுக்கு டீக்கடை நிறுத்தம் எப்படியும் உண்டு. இறங்கி செயினை ஒருமுறை இழுத்துப் பார்க்க 5 நிமிஷம் போதும்.