போட் மெயில் (இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ்)

போட் மெயில் அல்லது இந்தோ–சிலோன் எக்ஸ்பிரஸ் என்பது சென்னையையும் கொழும்பையும் இணைத்த தொடர்வண்டி–கப்பல் சேவையாகும். பயணிகள் சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடி வரை தொடர்வண்டியில் சென்றனர். அங்கிருந்து தலைமன்னார் வரை நீராவிக் கப்பலிலும், தலைமன்னாரிலிருந்து கொழும்புக் கோட்டை நிலையம் வரை மீண்டும் தொடர்வண்டியிலும் பயணம் செய்தனர். இவை மூன்றுக்கும் ஒரே பயணச்சீட்டு போதுமானதாக இருந்தது. 1914ஆம் ஆண்டு தனுஷ்கோடி வழியாகத் தொடங்கிய இச்சேவை, 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழியும் வரை அவ்வழியே நடைபெற்றது.

பெயர்

கப்பலுக்கு இணைப்பு வண்டியாக ஓடியதாலும் அஞ்சல் பைகளை ஏற்றிச் சென்றதாலும் இது 'போட் மெயில்' எனப்பட்டது. கப்பல் நின்றுபோய்ப் பல ஆண்டுகள் ஆன பிறகும், எழும்பூர்–இராமேசுவரம் விரைவு வண்டியைக் கும்பகோணம், தஞ்சாவூர்ப் பகுதி மக்கள் இன்றும் இப்பெயராலேயே அழைக்கின்றனர்.

தூத்துக்குடி வழி

1876இல் மதுரை–தூத்துக்குடி இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதன்பின் சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் தூத்துக்குடி வரை தொடர்வண்டியில் வந்து, அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலேறினர். இந்தக் கடற்பயணம் நீண்டது. ஓரிரவைக் கடலில் கழிக்க வேண்டியிருந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள கடல்வழியோ ஏறத்தாழ 35 கிலோமீட்டர் மட்டுமே. எனவே தென்னிந்திய இரயில்வே நிறுவனம் இராமேசுவரம் தீவுக்குப் பாதை அமைக்க முனைந்தது. மண்டபம் வரையிலான பாதை 1902இல் முடிந்தது. இடையில் எஞ்சியது பாம்பன் கால்வாய் மட்டுமே.

பாம்பன் பாலம்

பாம்பன் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று சென்னை மாகாண ஆளுநர் பென்ட்லண்ட் பிரபுவால் திறக்கப்பட்டது. இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமுடைய இப்பாலத்தில் 145 கண்கள் இருந்தன. கப்பல்கள் கடந்து செல்வதற்காக நடுவில் ஒரு தூக்குப் பகுதி அமைக்கப்பட்டது. இது ஷெர்சர் என்னும் அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய வகையைச் சேர்ந்தது. இரண்டு இறக்கைகளாகப் பிரிந்து மேலெழும் இப்பகுதியைப் பணியாளர்கள் கைப்பிடிகளைச் சுழற்றித் திறந்தனர்.

பாம்பன் நிலையத்திலிருந்து பாதை இரண்டாகப் பிரிந்தது. ஒன்று இராமேசுவரத்துக்கும் மற்றொன்று தனுஷ்கோடிக்கும் சென்றன. அக்காலத்தில் தனுஷ்கோடிப் பாதையே முதன்மையானது. தனுஷ்கோடியில் கப்பல் துறை, சுங்க அலுவலகம், அஞ்சல் நிலையம், மருத்துவமனை, பள்ளி ஆகியவை இருந்தன. இலங்கைப் பக்கத்தில் மதவாச்சியிலிருந்து தலைமன்னாருக்குப் புதிய கிளைப்பாதை 1914இல் திறக்கப்பட்டது. யாழ்ப்பாணம் செல்வோர் மதவாச்சியில் வண்டி மாறி வடக்கே சென்றனர்.

இந்தியப் பக்கத்தில் இருந்தது மீட்டர் பாதை. இலங்கையில் இருந்தது அகலப் பாதை. ஆகவே கடலின் மீது பாலம் இருந்திருந்தாலும் ஒரே பெட்டியில் சென்னையிலிருந்து கொழும்பு வரை செல்ல இயன்றிருக்காது. இராமர் பாலத் திட்டுகளின் மேல் இருப்புப்பாதை அமைக்கும் யோசனையும் அக்காலத்தில் எழுந்தது. செலவு கருதி அது கைவிடப்பட்டுக் கப்பலே போதும் என முடிவாயிற்று.

வழித்தடமும் காட்சிகளும்

எழும்பூரிலிருந்து புறப்படும் வண்டி செங்கல்பட்டின் கொளவாய் ஏரிக்கரையை ஒட்டிச் சென்று விழுப்புரத்தை அடையும். அங்கிருந்து கடலூர், சிதம்பரம், மாயவரம் (இன்றைய மயிலாடுதுறை), கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி செல்லும் பாதை 'மெயின் லைன்' எனப்படுகிறது. விருத்தாசலம், அரியலூர் வழியாகச் செல்லும் குறுக்குப் பாதை 1920களின் இறுதியில்தான் அமைந்தது. அதுவரை தெற்கே செல்லும் வண்டிகளுக்கு டெல்டாவைக் கடப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இவ்வழியின் சிறப்பு நிலக்காட்சியின் மாற்றம் ஆகும். சிதம்பரம் தாண்டிக் கொள்ளிடப் பாலத்தைக் கடந்ததும் வயல்வெளி தொடங்குகிறது. குறுவை நடவின்போது நீர் நிற்கும் வயலாகவும், சம்பா முற்றும் காலத்தில் பொன்னிறமாகவும், அறுவடைக்குப் பின் உளுந்தும் பயறும் படர்ந்த தரிசாகவும் ஒரே நிலம் மூன்று விதமாகத் தெரியும். திருச்சிராப்பள்ளிக்குத் தெற்கே அந்தப் பசுமை மறைந்து, மானாவாரி நிலமும் கண்மாய்களும் கருவேல மரங்களும் வருகின்றன. மண்டபத்துக்கு அப்பால் மணலும் பனையும் மட்டுமே. பிறகு பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்து செல்லும்போது ஒருபுறம் பாக் நீரிணையும் மறுபுறம் மன்னார் வளைகுடாவும் தெரியும். காவிரி நெல் நிலத்தையும் வறண்ட இராமநாதபுரத்தையும் நடுக்கடலையும் ஒரே பயணத்தில் காட்டிய வண்டி இது.

வகுப்புகளும் உணவும்

வண்டியிலும் கப்பலிலும் வகுப்பு வேறுபாடு இருந்தது. முதல் வகுப்பில் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகளும் தேயிலைத் தோட்ட உரிமையாளர்களும் செல்வந்தரும் சென்றனர். மெத்தை இருக்கை, தனி அறை ஆகிய வசதிகள் அவர்களுக்குக் கிடைத்தன. மூன்றாம் வகுப்பில் மரப்பலகைதான். வணிகர்கள், சென்னைக் கல்லூரிகளில் படிக்க வந்த யாழ்ப்பாண மாணவர்கள், இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்கள், யாழ்ப்பாணக் கோயில் திருவிழாக்களுக்கு வாசிக்கச் சென்ற டெல்டாப் பகுதி நாகசுரக் கலைஞர்கள் எனப் பலரும் இவ்வழியைப் பயன்படுத்தினர்.

நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கும் மற்றவர்க்கும் தனித்தனி இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரே பயணச்சீட்டில் கடல் கடக்க முடிந்த காலத்திலும் ஒரே இடத்தில் அமர்ந்து உண்ண முடியவில்லை. பெரியாரும் பிறரும் தொடர்ந்து எதிர்த்ததன் விளைவாக 1941இல் இப்பிரிவினை நீக்கப்பட்டது.

தோட்டத் தொழிலாளர்

இவ்வழியில் சென்றவர்களுள் மிகப் பலர் இலங்கையின் தேயிலை, இரப்பர் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளர்கள். திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர் ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தோட்ட எண் பொறித்த தகர வில்லை ஒன்று தொழிலாளிக்குத் தரப்பட்டது. அதுவே அவருக்குப் பயணச்சீட்டு. செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்பட்டது.

மண்டபத்தில் இலங்கை அரசு ஒரு தனிமைப்படுத்தல் முகாமை நடத்தியது. வாந்திபேதி, அம்மை ஆகியவை பரவாதிருக்கத் தொழிலாளர்களைச் சில நாட்கள் அங்கே நிறுத்திவைத்து, தடுப்பூசி போட்டுக் கப்பலேற்றினர். மேல்வகுப்புப் பயணிகள் முகாமில் தங்க வேண்டியதில்லை. உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கை செல்வதை இந்திய அரசு 1939இல் தடை செய்தது. 1948க்குப் பின் கடவுச்சீட்டும் நுழைவிசைவும் கட்டாயமாயின. ஊருக்குப் போய் வருவதுபோல் இருந்த பயணம் வெளிநாட்டுப் பயணமாயிற்று.

1964

1964ஆம் ஆண்டின் இறுதியில் இரண்டு நிகழ்வுகள் இவ்வழியின் போக்கை மாற்றின. முதலாவது, அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இதன்படி நாடற்றவர்களாக இருந்த மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்க வேண்டும்.

இரண்டாவது, டிசம்பர் 22 நள்ளிரவில் தாக்கிய புயல். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சென்ற 653ஆம் எண் பயணிகள் வண்டி, நிலையத்தை நெருங்கும் நேரத்தில் கடல் அலையில் மூழ்கியது. அதிலிருந்தவர் அனைவரும் இறந்தனர். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கண்களில் உத்திரங்கள் அடித்துச் செல்லப்பட்டன. தூக்குப் பகுதி மட்டும் தப்பியது. பொறியாளர் இ. ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. ஆனால் தனுஷ்கோடிப் பாதை மீண்டும் போடப்படவில்லை. உடைந்த நிலையக் கட்டடமும் தேவாலயச் சுவர்களும் இன்றும் மணலில் நிற்கின்றன.

இராமேசுவரம்–தலைமன்னார் காலம்

பின்னர் கப்பல் இராமேசுவரத்திலிருந்து இயங்கியது. முந்தைய தலைமுறையைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஏற்றிச் சென்ற அதே வழியில், அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தாயகம் திரும்பியோராக வந்திறங்கினர். இலங்கையிலேயே பிறந்து வளர்ந்த இவர்களில் பலருக்குத் தமிழ்நாடு முன்பின் பாராத இடம். மண்டபம் முகாமே இவர்களுக்கு முதல் தங்குமிடமாயிற்று. பலர் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். இலங்கையில் உள்நாட்டுப் போர் மூண்டதால் 1984இல் கப்பல் சேவை நின்றது. அதற்குப் பின் மண்டபம் முகாம் ஏதிலியர் முகாமாக மாறியது.

பிற நாட்டுப் பயணங்களுடன் ஒப்பீடு

அமெரிக்காவின் கலிபோர்னியா செபிர் என்னும் வண்டி சிகாகோவிலிருந்து சான் பிரான்சிஸ்கோ அருகிலுள்ள எமரிவில் வரை ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் தூரத்தை இரண்டு நாட்களுக்கு மேல் எடுத்துக்கொண்டு கடக்கிறது. கனடாவின் 'த கனடியன்' டொராண்டோவையும் வான்கூவரையும் இணைக்கிறது. விமானத்தில் சில மணி நேரத்தில் செல்லக்கூடிய இத்தூரத்தைப் பலர் மலைகளையும் சமவெளிகளையும் பார்ப்பதற்காகவே இவ்வண்டிகளில் கடக்கின்றனர். போட் மெயில் அத்தகையதன்று. அதில் ஏறியவர்கள் பிழைப்புக்காகவோ படிப்புக்காகவோ வழிபாட்டுக்காகவோ ஏறினர். காட்சி அவர்களுக்கு இடையில் கிடைத்தது.

திருத்துறைப்பூண்டி இணைப்பு

தஞ்சாவூர் மாவட்டக் கழகம் தன் வரி வருவாயைக் கொண்டு அமைத்த மாயவரம்–முத்துப்பேட்டை பாதை 1894இல் திறக்கப்பட்டது. திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாகச் செல்லும் இப்பாதை பின்னர் அறந்தாங்கிப் பக்கம் நீட்டப்பட்டது. போட் மெயிலைப் பிடிக்க வேண்டிய திருத்துறைப்பூண்டிப் பயணி, மாயவரத்திலோ, திருவாரூர் வழியாகத் தஞ்சாவூர் சென்றோ ஏற வேண்டியிருந்தது.

அகலப்பாதையாக மாற்றப்பட்ட திருவாரூர்–காரைக்குடி தடம் 2019இல் மீண்டும் போக்குவரத்துக்கு வந்தது. திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி தடம் 2023 ஏப்ரல் 8 அன்று திறக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 6 அன்று, நடுப்பகுதி செங்குத்தாக உயரும் புதிய பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, தாம்பரம்–இராமேசுவரம் விரைவு வண்டியும் தொடங்கி வைக்கப்பட்டது. இவ்வண்டி மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, காரைக்குடி வழியாகச் செல்கிறது. முன்பு வேறு ஊர் சென்று ஏறவேண்டியிருந்த இவ்வூர் மக்கள் இப்போது சொந்த நிலையத்திலேயே ஏறிப் பாம்பனைக் கடக்கலாம்.

இன்றைய நிலை

இலங்கையில் போரால் சிதைந்த தலைமன்னார் பாதையை இந்திய நிறுவனமான இர்கான் புதுப்பித்தது. 2015 மார்ச்சில் தலைமன்னார் துறை வரை வண்டி மீண்டும் ஓடியது. இந்தியப் பக்கத்தில் இராமேசுவரம்–தனுஷ்கோடி பாதைக்கு 2019இல் அடிக்கல் நாட்டப்பட்டும் பணி முன்னேறவில்லை. நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிச் சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. ஆக, இரு கரையிலும் பாதை இருக்கிறது. தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கப்பல்தான் இல்லை.