நெடுவழிப் பயணமும் உபரிப் பெட்ரோலும்

பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்திய இரவுகளில் பெங்களூருவிலிருந்து ஓசூர் நோக்கிச் செல்லும் சாலையைக் கண்டவர்கள், பிழைப்பின் பொருட்டு இந்நகரில் குடியேறிய தமிழர்களுள் எத்தனை பேர் மோட்டார் சைக்கிளிலேயே ஊர் திரும்புகின்றனர் என்பதை அறிவார்கள். அவர்களிற் சிலர், வழியில் பெட்ரோல் தீர்ந்துவிடுமோ என்று அஞ்சித் தண்ணீர் பாட்டிலில் ஒன்றிரண்டு லிட்டரை நிரப்பிப் பையில் வைத்துக்கொள்கின்றனர். முன்யோசனை நல்லதே. ஆயினும் அந்தப் பாட்டில் அவர்களுக்குத் துணையா, தீங்கா என்பதை ஆராய்ந்து பார்த்தல் வேண்டும்.

முதலில் பெட்ரோலின் இயல்பை அறிவோம். எரிவது அந்தத் திரவம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. நீர் உறையும் நிலைக்கு 40 பாகை கீழே குளிரினாலும், தீப்பற்றுவதற்குப் போதிய ஆவி அதிலிருந்து எழும். காற்றைப்போல் மூன்று, நான்கு மடங்கு கனமுள்ள அவ்வாவி மேலே கலைந்து போகாமல் தரையோடு தவழ்ந்து சென்று பள்ளங்களில் தங்கும். நூறு பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். ஒரு லிட்டர் பெட்ரோல் முழுவதும் ஆவியானால் ஒரு சிற்றறையின் காற்றையே எரியக்கூடியதாக ஆக்கிவிடும். தண்ணீர் பாட்டிலோ இதற்கென அமைந்ததன்று. அதன் மூடி ஆவியின் அழுத்தத்தைத் தாங்காது. கீழே விழுந்தால் உடையும். தாகமெடுத்த குழந்தை அதைத் தண்ணீரென்று எண்ணி எடுத்துவிடவும் கூடும்.

இனி, உபரி எரிபொருள் உண்மையில் தேவைதானா என்று கணக்கிட்டுப் பார்ப்போம். பத்து லிட்டர் கொள்ளும் டாங்க் உடைய வண்டி, லிட்டருக்கு 50 கிலோமீட்டர் ஓடுமாயின், ஒருமுறை நிரப்பினால் 500 கிலோமீட்டர் செல்லும். பெங்களூருவிலிருந்து சேலம் சுமார் 200 கிலோமீட்டர்; மதுரை சுமார் 435 கிலோமீட்டர். இவ்வூர்களை இணைத்துக் கன்னியாகுமரிவரை செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை நெடுகிலும் பெட்ரோல் பங்குகள் உள்ளன. நெல்லைக்கோ நாகர்கோவிலுக்கோ செல்பவர்களும் வழியில் ஒருமுறை நிரப்பினால் போதும். ஆகவே இந்த வழியில் செல்வோருக்குப் பாட்டில் வேண்டியதில்லை. டாங்க் பாதியாகும்போது நிரப்பிக்கொள்ளும் வழக்கம் ஒன்றே போதும்.

மைசூரு வழியாக நீலகிரிக்குச் செல்வோர் மட்டும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். பந்திப்பூர் வனச்சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை மூடப்படுகிறது. யானை உலவும் காட்டில் எரிபொருளின்றி நிற்றல் ஆகாது. குண்டுலுப்பேட்டையிலேயே டாங்கை நிரப்பிக்கொண்டு புறப்படுதல் நன்று.

எனினும், உபரி எரிபொருள் இன்றியமையாத பயணங்களும் உண்டு. பெங்களூருவிலிருந்து லடாக்குக்கு மோட்டார் சைக்கிளில் செல்லும் இளைஞர்கள் பலர். மணாலியிலிருந்து லே நகருக்குச் செல்லும் சாலையில், தாண்டி என்னும் ஊரின் பெட்ரோல் பங்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எச்சரிக்கும் பலகை பெயர்பெற்றது. பதினைந்து லிட்டர் டாங்கும், சமவெளியில் லிட்டருக்கு 30 கிலோமீட்டர் ஓட்டமும் உள்ள வண்டி, மலையேற்றத்தில் 25 மட்டுமே ஓடினால் 375 கிலோமீட்டர் செல்லும். எஞ்சுவது பத்தே கிலோமீட்டர். ஒருமுறை வழி தவறினாலும் அது போதாது. அங்கே 5 லிட்டர் உபரி இருந்தால் மேலும் 125 கிலோமீட்டருக்கு உறுதி கிடைக்கும். தேவை எவ்வளவு என்பதை இவ்வாறு கணக்கிட்டே எடுத்துச் செல்லவேண்டும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு லிட்டரும் வீண் சுமை.

இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய ஸ்கூட்டரில் செல்லும் மாற்றுத்திறனாளிகளின் நிலை வேறு. அவ்வண்டியின் டாங்க் பெரும்பாலும் 5 லிட்டர் அளவே கொள்ளும். இணைப்புச் சக்கரங்களின் பாரத்தால் ஓட்டமும் குறையும். வண்டி நின்றுவிட்டால் இறங்கித் தள்ளிச் செல்லவும் இயலாது. ஆதலின் அவர்கள் ஒவ்வொரு 100 கிலோமீட்டருக்குள்ளும் நிரப்பிக்கொள்வதோடு, தக்க கலத்தில் சிறிதளவு உபரி வைத்திருப்பதும் நியாயமே.

தக்க கலம் எது? இதற்கு வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. இரண்டாம் உலகப் போரில், அல்சூர் ஏரிக்கரையைத் தலைமையிடமாகக் கொண்ட மதராஸ் சாப்பர்ஸ் படையினரும் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பணியாற்றினர். அக்களத்தில் பிரிட்டிஷ் தரப்பினர் பயன்படுத்திய மெல்லிய தகர டின்கள் ஒழுகி, கணிசமான பெட்ரோல் வழியிலேயே வீணாயிற்று. ஜெர்மானியர் 1930-களில் வடிவமைத்த 20 லிட்டர் எஃகுக் கலமோ ஒழுகவில்லை. இரு தகடுகளை அழுத்தி வார்த்து ஒட்டவைத்த உடல், மூன்று கைப்பிடிகள், நெம்பி இறுக்கும் மூடி, உள்ளே பெட்ரோல் விரிவதற்கான காற்றிடம் ஆகியன அதன் சிறப்புகள். எதிர்த்தரப்பாரும் அதைப் பின்பற்றிச் செய்துகொண்டனர். ஜெர்மானியரைக் குறித்த கேலிப்பெயரே 'ஜெர்ரி கேன்' என அதற்கும் வாய்த்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. 1934-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கல்லாத பெட்ரோலை 30 லிட்டர்வரை உரிமமின்றி வைத்திருக்கலாம். ஆனால் இறுக மூடிய கலத்தில் இருக்கவேண்டும். உலோகக் கலமாயின் 25 லிட்டருக்கும், கண்ணாடி அல்லது பீங்கான் கலமாயின் ஒரு லிட்டருக்கும் மேற்படலாகாது. பிளாஸ்டிக் அப்பிரிவில் சொல்லப்படவில்லை. இரயில் பெட்டியில் பெட்ரோல் எடுத்துச் செல்வது குற்றம். 1989-ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் இதற்கு மூன்றாண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கிறது. வண்டியையே பார்சலாக இரயிலில் அனுப்புவோரும் டாங்கைக் காலிசெய்த பின்னரே அனுப்பவேண்டும்.

கலத்தை நிரப்பும்போது வண்டியின்மேல் வைத்து நிரப்பாமல் தரையில் வைத்து, குழாய்முனை கலத்தின் வாயைத் தொட்டிருக்குமாறு நிரப்புக. நிலைமின் பொறி எழாமலிருக்க இதுவே வழி. 30 பாகை வெப்பம் ஏறினால் 10 லிட்டர் பெட்ரோல் ஏறக்குறைய 300 மில்லிலிட்டர் விரியும்; ஆகவே கழுத்துவரை நிரப்பற்க. கலத்தைச் சைலன்சரிலிருந்து விலக்கி, தாழ்வாகவும், இருபுறமும் பாரம் ஒத்திருக்குமாறும் கட்டுக. முதுகுப்பையில் ஒருபோதும் வேண்டா. உயர்ந்த மலையில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கலம் உப்பியிருக்கும். மூடியை மெல்லத் திறக்கவேண்டும். எஞ்சின் ஆறிய பின்னரே டாங்கில் ஊற்றவேண்டும். பிறர் வண்டியிலிருந்து குழாய் வைத்து வாயால் உறிஞ்சும் பழக்கம் கொடியது. நுரையீரலில் சென்ற சிறிதளவு பெட்ரோலும் உயிருக்கு உலைவைக்கும்.

பயணம் முடிந்தபின் எஞ்சியதை டாங்கிலேயே ஊற்றிவிடுக. இன்றைய பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் ஈரத்தை ஈர்ப்பதால், நெடுநாள் சேமித்தது எஞ்சினுக்கும் ஆகாது. ஸ்ரீராமபுரத்திலும் விவேக் நகரிலும் ஓரறை வீடுகளில் அடுப்பும் படுக்கையும் அருகருகே இருக்கின்றன. அத்தகைய வீட்டினுள் காலிக் கலத்தையும் வைக்கலாகாது. காலியென்று நாம் கருதும் கலத்தில் ஆவி நிறைந்திருக்கும். மூடியைத் திறந்து, தீ அண்டாத வெட்டவெளியில் அதை நன்றாக உலரவிடுங்கள்.