நோயாளிக்கு மட்டுமா ஆரஞ்சு?

ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் ஒருவர் படுத்திருக்கிறார். பார்க்கப் போகிறோம். கையில் என்ன வாங்கிப் போகிறோம்? ஒரு ரொட்டி, அரை டஜன் ஆரஞ்சு. வீட்டில் எல்லாரும் நன்றாக இருக்கும்போது ஆரஞ்சு வாங்குகிறோமா? பெரும்பாலும் இல்லை. அது பணக்காரர் பழம், நோயாளியின் பழம் என்று ஒதுக்கி வைத்து விட்டோம். "ஆரஞ்சு தின்றால் சளி பிடிக்கும்" என்று குழந்தைகளுக்கும் கொடுப்பதில்லை.

மகாராஷ்டிர மாநிலத்தில் நாக்பூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஆரஞ்சை 'சந்த்ரா' என்கிறார்கள். நாக்பூர், அமராவதி மாவட்டங்களில் எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் தோட்டம். பழக் காலத்தில் சந்தையில் மலை போல் குவித்திருப்பார்கள். அங்கே ஆரஞ்சில் பர்பி கூடச் செய்கிறார்கள்! 2014-ஆம் ஆண்டு நாக்பூர் ஆரஞ்சுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்தை 'நாக்பூர் ஆரஞ்சு' என்று சொல்லி விற்கக் கூடாது என்பது இதன் பொருள்.

அங்கே ஆண்டில் இரண்டு பருவம். தை, மாசியில் பூத்த பூ, ஐப்பசி முதல் மார்கழி வரை பழமாகும். மழை தொடங்கியதும் பூக்கும் பூ, மாசி, பங்குனியில் பழமாகும். இந்த மாதங்களில் வரத்து அதிகம். வரத்து அதிகமானால் விலை இறங்கும். நாம் வாங்க வேண்டிய காலம் அதுதான்.

கப்பலில் நடந்த சோதனை

முற்காலத்தில் கடலில் மாதக் கணக்காகப் போன மாலுமிகளுக்கு ஒரு கொடிய நோய் வந்தது. ஈறு வீங்கும். ரத்தம் கசியும். பல் ஆடும். பழைய புண்கள் திறந்து கொள்ளும். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை.

1747-ஆம் ஆண்டு, ஜேம்ஸ் லிண்ட் என்ற பிரிட்டிஷ் கடற்படை மருத்துவர் ஒரு சோதனை செய்தார். நோயாளிகள் 12 பேரை இருவர் இருவராகப் பிரித்தார். ஒரு ஜோடிக்குக் காடி கொடுத்தார். ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர். இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் ஒவ்வொன்று. ஒரு ஜோடிக்கு மட்டும் தினம் 2 ஆரஞ்சு, 1 எலுமிச்சை. ஆறு நாளில் பழம் தீர்ந்து விட்டது. ஆனால் அதற்குள் பழம் தின்ற இருவரில் ஒருவர் வேலைக்குப் போகும் அளவுக்குத் தேறி விட்டார்!

பழத்தில் இருந்து நோயைத் தீர்த்தது வைட்டமின் சி. நம் உடம்பால் இதைத் தானே செய்துகொள்ள முடியாது. சேர்த்து வைத்துக்கொள்ளவும் அதிகம் முடியாது. ஆகவே அன்றாடம் உணவில் கிடைக்க வேண்டும். பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 65 மில்லிகிராம் வேண்டும். ஆணுக்கு 80 மில்லிகிராம். (ஒரு கிராமை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குதான் மில்லிகிராம்.) நடுத்தர அளவுள்ள ஒரு ஆரஞ்சின் சுளைகளில் ஏறக்குறைய 40 மில்லிகிராம் இருக்கும். இரண்டு பழம் போதும்.

ரத்தம் ஊற ஆரஞ்சா?

"ஆரஞ்சு சாப்பிட்டால் ரத்தம் ஊறும்" என்று சொல்கிறோம். இது பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொண்டால்தான் பயன்.

ரத்தம் ஊற இரும்புச் சத்து வேண்டும். ஆரஞ்சில் இரும்புச் சத்து மிக மிகக் குறைவு. பிறகு எப்படி? கீரையில் இரும்பு இருக்கிறது. கேழ்வரகில், கம்பில், பயறில் இருக்கிறது. ஆனால் அதில் சிறு பங்குதான் உடம்பில் சேரும். மீதி வீணாக வெளியேறி விடும். அதே சாப்பாட்டோடு வைட்டமின் சி உள்ள பழத்தையும் தின்றால் கூடுதல் இரும்பு உடம்பில் சேரும். பூட்டிய கதவுக்குச் சாவி போல என்று வைத்துக்கொள்ளுங்கள். சரக்கு கீரையில். சாவி ஆரஞ்சில்.

இது சின்ன விஷயம் இல்லை. 2019 முதல் 2021 வரை நாடு முழுவதும் ஒரு குடும்பநலக் கணக்கெடுப்பு நடந்தது. 15 வயது முதல் 49 வயது வரை உள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை என்று அதில் தெரிந்தது. அதாவது பாதிக்கு மேல். களைப்பு, மூச்சு வாங்குதல், தலைசுற்றல். "வேலை அதிகம், அதனால்தான்" என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். பிரசவத்தின்போது ரத்தம் போனால் ரத்தசோகை உள்ள தாயின் உயிருக்கே ஆபத்து.

கர்ப்பிணிகளுக்கு அரசு 180 நாளுக்கு இரும்புச் சத்து மாத்திரை தருகிறது. பலர் அதை டீயோடு விழுங்குகிறார்கள். டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேர விடாமல் தடுக்கும். பாலும் தடுக்கும். மாத்திரையைத் தண்ணீரில் விழுங்கி, ஒரு ஆரஞ்சோ எலுமிச்சைச் சாறோ எடுத்துக்கொள்வது நல்லது. டீயை ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். சாப்பாட்டுக்கும் இதே கணக்குதான். சோறும் கீரையும் தின்றதும் டீ வேண்டாம். நாலு சுளை ஆரஞ்சு போதும். ரத்தசோகை இருந்தால் பழத்தை மட்டும் நம்பி மாத்திரையை நிறுத்தி விடாதீர்கள்.

ஆரஞ்சில் ஃபோலேட் என்ற சத்தும் உண்டு. வயிற்றில் வளரும் குழந்தைக்கு அது தேவை.

சளிக்கு வருவோம். சளி கிருமியால் வருவது. ஆரஞ்சால் வருவதில்லை. ஆரஞ்சு தின்றால் சளியே வராது என்று சொல்வதும் சரியில்லை. சிறு குழந்தைக்குக் கொடுக்கும்போது கொட்டையை எடுத்து விடுங்கள், தொண்டையில் சிக்கும். வயிற்றுப் புண் உள்ளவர்கள் வெறும் வயிற்றில் தின்ன வேண்டாம். சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுத் தின்ன வேண்டும்.

"இவ்வளவு சொல்கிறீர்களே, கிலோ விற்கிற விலை தெரியுமா?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வி. விலை ஏறி இருக்கும்போது ஆரஞ்சை விட்டு விடுங்கள். கொய்யாவில் இந்த வைட்டமின் ஆரஞ்சைப் போல் நாலைந்து மடங்கு உண்டு. பெரிய நெல்லிக்காயில் அதைவிடவும் அதிகம். ஒன்றும் இல்லையா? கீரையை இறக்கி வைத்து, ஆறிய பின் அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். அதுவும் சாவிதான். கொதிக்கும்போது பிழிந்தால் சூட்டில் வைட்டமின் கெட்டு விடும்.

வாங்கும்போது

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரவில் குளிர் இருந்தால்தான் தோல் நன்றாக மஞ்சள் ஏறும். தோல் பச்சையாக இருந்தாலும் உள்ளே பழுத்திருக்கலாம். கையில் எடுத்துப் பாருங்கள். அளவுக்குக் கனமாக இருந்தால் சாறு உண்டு. லேசாக இருந்தால் உள்ளே சக்கை.

சாறு பிழிவதைவிடச் சுளையாகத் தின்பதே மேல். ஒரு டம்ளர் சாற்றுக்கு மூன்று நாலு பழம் போகும். நார்ச்சத்தும் போய் விடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சாறு ஆகாது. சுளை மேல் இருக்கும் வெள்ளை நாரைச் சுத்தமாகப் பிய்த்து எறிய வேண்டியதில்லை. அதுவும் நல்லது. சாறுதான் வேண்டும் என்றால் பிழிந்ததும் குடித்து விடுங்கள்.

தோலை எறியாதீர்கள். ஆனால் முதலில் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். அதில் பூச்சிமருந்து இருக்கலாம். சில இடங்களில் பளபளப்புக்கு மெழுகும் பூசுகிறார்கள். நிழலில் காயவைத்து இடித்துக் குளியல் பொடியில் சேர்ப்பவர்கள் உண்டு. தோலில் வாசனை எண்ணெய் இருக்கிறது. விளக்குச் சுடர் பக்கம் மடக்கிப் பிதுக்கினால் பொறி பறக்கும். பிள்ளைகள் இதை விளையாட்டாகச் செய்வார்கள், கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோலில் குழம்பும் வைக்கலாம். உள்பக்கத்து வெள்ளையைச் சுரண்டி விடுங்கள், அதுதான் கசக்கும். தோலைப் பொடியாக நறுக்குங்கள். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், மிளகாய் தாளித்து, தோலைப் போட்டு வதக்குங்கள். புளி கரைத்து ஊற்றி, உப்பு, மஞ்சள்தூள், குழம்புப் பொடி போட்டுக் கொதிக்க விடுங்கள். சுண்டி வரும்போது ஒரு துண்டு வெல்லம். இரண்டு பழத்தின் தோல் நாலு பேருக்குப் போதும். மறுநாள் இன்னும் ருசியாக இருக்கும்.