கம்பிக்கு வெளியே ஒரு மூலை

ஜெர்மனியின் கொலோன் நகரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 200 சதுர மீட்டர் புல்தரை இருக்கிறது. அதற்கு ரோபோ புல்வெட்டி வாங்கியபோது, பெட்டியைப் பிரிக்கும் முன் தரையிலேயே வேலை பார்த்தேன். வாங்க நினைப்பவர்களுக்கெல்லாம் நான் சொல்வது இதைத்தான்: முதலில் தரையைப் பாருங்கள்.

தானாக ஊர்ந்து புல் வெட்டும் கருவியை 1995-இல் சுவீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் துணையுடன் ஓடுபவையும் இப்போது உண்டு. எங்களுடையது எல்லைக் கம்பி வகை. தோட்டத்தைச் சுற்றிய மெல்லிய கம்பியில் மின்சாரம் ஓடும். அதன் காந்தப்புலத்தை உணர்ந்து கருவி திரும்பிக்கொள்ளும். உள்ளே கிடக்கும் குழியையும் கல்லையும் நாம்தான் கவனிக்க வேண்டும்.

மழை விட்டதும் செருப்பில்லாமல் நடந்தேன். தண்ணீர் தேங்கிய பள்ளங்களில் மணல் கலந்த மண்ணை நிரப்பி, விதை தூவி, வேர் பிடிக்கும்வரை காத்திருந்தேன். இளம் புல்லைச் சக்கரம் பெயர்த்துவிடும்.

அடுத்து, பழைய புல்வெட்டியால் ஒட்ட வெட்டினேன். ரோபோவின் கத்திகள் சவர பிளேடு போலச் சிறியவை. நாள்தோறும் நுனியை மட்டும் நறுக்கத்தான் அவை லாயக்கு. அந்தத் துணுக்குகள் அங்கேயே மக்கி உரமாகும். புல் குட்டையாக இருந்தால்தான் கம்பியும் மண்ணோடு படியும். தூக்கி நின்றால் கத்தியில் சிக்கும். முக்கால் மீட்டருக்கு ஒரு முளை அடித்தேன். சில வாரங்களில் புல்லே கம்பியை மூடிவிட்டது.

சுவரோரம் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இடம் விட்டேன். பூப்பாத்தி ஓரத்தில் தரைமட்டத்துக்குக் கல் பதித்ததால், சக்கரம் அதன்மேல் ஏறி விளிம்புவரை வெட்டுகிறது. ஆப்பிள் மரத்தைச் சுற்றிக் கம்பியைக் கொண்டுபோய், போன தடத்தை ஒட்டியே திருப்பிக் கொண்டுவந்தேன். அருகருகே எதிரெதிராக ஓடும் மின்சாரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், அந்த இரட்டைக் கோட்டைக் கருவி தடையின்றிக் கடக்கிறது.

பக்கத்து வீட்டு மூதாட்டி வேலியருகே வந்து ஒன்றே ஒன்று கேட்டார்: "ராத்திரியில் ஓட விடமாட்டீர்களே?" முள்ளெலிக்காகத்தான் கேட்டார். இருட்டில் இரை தேடும் அது, ஆபத்து வந்தால் ஓடாது, சுருண்டு கிடக்கும். ஐரோப்பிய முள்ளெலியை 2024-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அச்சுறு நிலையை நெருங்கும் இனமாக அறிவித்தது. அதே ஆண்டு கொலோன் நகராட்சி இந்தக் கருவிகளை இரவில் இயக்கத் தடை விதித்தது.

எங்கள் கருவி காலை 10 முதல் மாலை 4 வரைதான் ஓடும். வேலியோர மூலை ஒன்றைக் கம்பிக்கு வெளியே விட்டு, சருகைக் குவித்திருக்கிறேன். அந்தி சாய்ந்தபின் அங்கே சருகு சரசரத்தால், வீட்டில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.